உடனே பற்றிக்கொண்டால் பிழைத்தோம்

மொட்டை மாடியில் சோலார் பலகை வைத்திருப்பவர்கள் அதன் நிறத்தைப் பற்றி யோசிப்பதில்லை. மின்கட்டணம் எவ்வளவு குறைந்தது என்பதோடு அவர்கள் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த நிறத்தில் ஒரு புதிர் இருக்கிறது. பலகைக்குள் இருப்பது சிலிக்கான். சிலிக்கானின் இயல்பான நிறம் சாம்பல்; மெருகேற்றினால் எஃகுத் தகடுபோலப் பளபளக்கும். அப்படியிருக்க, பலகை கருநீலமாக எப்படி ஆனது?

அந்தப் பளபளப்பைப் போக்கப்போய் வந்த நிறம் அது. மெருகேற்றிய சிலிக்கான் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மின்சாரமாக வேண்டிய ஒளி வானத்துக்கே திரும்பினால் யாருக்கு என்ன லாபம்? அதனால் சிலிக்கான் வில்லையின் மேல் சிலிக்கான் நைட்ரைடு என்ற பொருளை மெல்லிய படலமாகப் படியவைக்கிறார்கள். அதன் தடிமன் 75 முதல் 80 நானோமீட்டர். தலைமுடியின் பருமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிவப்பையும் பச்சையையும் உள்ளே விட்டுவிட்டு, நீலத்தில் கொஞ்சத்தை மட்டும் வெளியே தள்ளும்படி இந்தத் தடிமனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் கண்ணுக்கு வருவது அந்த மிச்ச நீலம்.

இவ்வளவு மெல்லிய பூச்சைத் தூரிகையால் பூச முடியாது. வில்லைகளை ஒரு வெற்றிட அறைக்குள் அடுக்கி, சூடாக்கி, இரண்டு வாயுக்களை உள்ளே விட்டு, மின்புலத்தால் அவற்றை உடைக்கிறார்கள். உடைந்த துண்டுகள் வில்லையின் மேல் வந்து படிகின்றன. நைட்ரஜனைத் தருவது அம்மோனியா. உரத் தொழிற்சாலை, ஐஸ் தொழிற்சாலை வழியாக நமக்குப் பழக்கமான வாயு. சிலிக்கானைத் தருவது சிலேன். இந்த இரண்டாவது வாயுவைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சிலிக்கான் சூரிய மின்கலம் செய்யும் ஆலை என்றால், திருநெல்வேலி பக்கத்துக் கங்கைகொண்டானாக இருந்தாலும் தைவானாக இருந்தாலும், எங்கோ ஒரு மூலையில் சிலேன் சிலிண்டர் நிற்கும். கணினிச் சிப், தொலைக்காட்சித் திரை ஆகியவற்றின் தயாரிப்பிலும் இதற்கு இடம் உண்டு. நாம் தினமும் தொட்டுத் தடவும் கைபேசிக்குள் இந்த வாயு வழியாக வந்து சேர்ந்த சிலிக்கான் அணுக்கள் இருக்கின்றன. ஆனால் அந்த ஆலைகளுக்கு வெளியே இந்தப் பெயரைக் கேட்டவர்கள் குறைவு.

சிலேனின் முதல் குணம், காற்றைத் தொட்டதும் தானாகத் தீப்பற்றுவது. தீக்குச்சி வேண்டாம், தீப்பொறி வேண்டாம், சூடுகூட வேண்டாம். இத்தகைய பொருள்களை வேதியியலில் பைரோபோரிக் என்பார்கள். தமிழில் தானெரி பொருள்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டு எல்.பி.ஜி. இந்த வகையைச் சேர்ந்தது கிடையாது. அது கசிந்தால் அறை முழுக்கப் பரவி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால்தான் 'ஸ்விட்சைத் தொடாதே, ஜன்னலைத் திற' என்று வீட்டில் சொல்லிக்கொடுக்கிறோம். நாற்றம் வரும்படி ஒரு கந்தகச் சேர்மத்தை அதில் கலந்தும் வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும், எல்.பி.ஜி.யைவிடச் சிலேன் பயங்கரம், ஏனென்றால் அது கசிந்த உடனே எரிகிறது என்று தோன்றும். அந்த வாயுவோடு வேலைசெய்யும் பொறியாளர்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். கசிந்த இடத்திலேயே உடனே பற்றிக்கொண்டால் அது ஒரு சின்னச் சுடர். கண்ணுக்குத் தெரியும், கருவிக்குத் தெரியும், குழாயை அடைத்தால் அணைந்துவிடும். கசிந்தும் பற்றாமல் இருந்தால்தான் அவர்கள் வயிற்றில் புளி கரையும். சிலேன் விபத்துகளில் உயிரைக் குடித்தது பெரும்பாலும் எரிந்த கசிவு அல்ல, எரியத் தாமதித்த கசிவு. தானாக எரியும் என்று பெயரெடுத்த வாயு ஏன் தாமதிக்கிறது? இதைப் புரிந்துகொள்ள, அது ஏன் எரிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கார்பன் அணுவைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன் இருந்தால் மீத்தேன். சாண எரிவாயுக் கலனிலிருந்து வருவது. கார்பன் இருந்த இடத்தில் சிலிக்கானை வைத்தால் சிலேன். தனிம வரிசை அட்டவணையில் சிலிக்கான் கார்பனுக்கு நேர் கீழ் வீட்டுக்காரர். உருவத்தில் இரண்டு மூலக்கூறுகளும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். குணத்தில்தான் இந்த வித்தியாசம். மீத்தேன் ஆக்சிஜனோடு கலந்து நாள்கணக்கில் சும்மா கிடக்கும்.

சிலிக்கான் அணு பெரியது. அதனால் அது ஹைட்ரஜனைப் பிடித்திருக்கும் பிணைப்பு நீளமானது, தளர்ந்தது. அதோடு, எலக்ட்ரான் கவர்தன்மையில் ஹைட்ரஜன் கார்பனிடம் தோற்கும், சிலிக்கானிடம் ஜெயிக்கும். மீத்தேனில் எலக்ட்ரான்கள் கொஞ்சம் உள்பக்கமாக, கார்பனை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. சிலேனில் அவை வெளிப்பக்கம் சாய்ந்து, நடுவில் சிலிக்கானை ஓரளவு வெறுமையாக விட்டுவிடுகின்றன. எலக்ட்ரான் மிகுந்த ஆக்சிஜன் நெருங்கிவரத் தோதான இடம் அது. இதற்கெல்லாம் மேலாக, சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தால் கிடைக்கும் பிணைப்பு மிகமிக உறுதியானது. மணலும் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைப்பது அந்தப் பிணைப்பால்தான். ஒரு சிலேன் மூலக்கூறு எரிந்தால் வெளிவரும் வெப்பம், ஒரு மீத்தேன் மூலக்கூறு தருவதைப்போல ஏறக்குறைய 1.8 மடங்கு. எரிந்த பின் மிஞ்சுவது நீராவியும் நுண்ணிய வெள்ளைத் தூளும். அந்தத் தூள் சிலிக்கா, அதாவது மணலின் வேதிப்பொருள்.

1857இல் ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் வோலரும் ஹைன்ரிஷ் பூஃபும் சிலிக்கான் கலந்த அலுமினியத்தை மின்வாயாக வைத்து உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சியபோது, மேலே வந்த குமிழ்கள் காற்றைத் தொட்டதும் தாமாகவே எரிந்தன. சிலேன் மனிதருக்கு அறிமுகமானது அப்படித்தான். வெளிநாட்டுப் பள்ளிகளில் வேதியியல் ஆசிரியர்கள் இதை இன்றும் எளிய முறையில் செய்துகாட்டுவதுண்டு. மணலையும் மக்னீசியத் தூளையும் சேர்த்துச் சூடாக்கி, கிடைக்கும் கரிய பொருளை அமிலத்தில் போடுவார்கள். குமிழ் மேலே வந்து உடையும், பட் என்று ஒரு மஞ்சள் பொறி, கொஞ்சம் வெண்புகை. மாணவர்கள் கைதட்டுவார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1867இல், ஷார்ல் ஃபிரீடெலும் ஆல்பர்ட் லாடன்பர்கும் வேறு வழியில் தூய்மையான சிலேனைத் தயாரித்துப் பார்த்தார்கள். அந்தத் தூய வாயு சாதாரண வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் தானாக எரியவில்லை. கொஞ்சம் சூடாக்கினால் எரிந்தது. அழுத்தத்தைக் குறைத்தாலும் எரிந்தது. சூடாக்கினால் எரிவது நியாயம். அழுத்தத்தைக் குறைத்தால், அதாவது வாயுவை மெலியச் செய்தால், எரிவது என்ன நியாயம்? வோலரின் குமிழ்கள் சட்டென்று பற்றியதற்கு அவற்றில் கலந்திருந்த டைசிலேன் போன்ற இன்னும் துடுக்கான உறவினர்களே காரணம் என்று விளக்கம் சொன்னார்கள். அழுத்தப் புதிருக்கு அப்போது விடை கிடைக்கவில்லை. இன்றைய விபத்துகளுக்கான துப்பு அதில் இருந்தது என்பது என் எண்ணம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற ஜெர்மானியர் இந்த வாயுக்களைக் காற்றே படாமல் கையாள, கண்ணாடிக் குழாய்களும் பாதரச வால்வுகளும் கொண்ட ஒரு வெற்றிட அமைப்பை உருவாக்கினார். சிலேன் என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. சிலேன் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஆண்டுக்கணக்கில் சுவாசித்த பாதரச ஆவிதான் அவர் உடலைக் கெடுத்தது. அதை 1926இல் வெளிப்படையாக எழுதி மற்ற வேதியியலாளர்களை எச்சரித்தார். ஆய்வுக்கூடத்தில் எந்தப் பொருளைப் பார்த்துப் பயப்படுகிறோமோ அதுவே நம்மைத் தாக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அழுத்தப் புதிர் அவிழ, எரிதலைப் பற்றிய புரிதலே மாற வேண்டியிருந்தது. எரிதல் என்பது இரண்டு பொருள்கள் நேராக மோதி ஒன்றாவது இல்லை. இடையில் தனி உறுப்புகள் என்ற அரைகுறை மூலக்கூறுகள் பிறக்கின்றன. ஒரு தனி உறுப்பு ஒரு சிலேன் மூலக்கூறைத் தாக்கினால், அந்த வினையின் முடிவில் ஒன்றுக்குப் பதில் இரண்டு, மூன்று தனி உறுப்புகள் பிறக்கலாம். அவை ஒவ்வொன்றும் இன்னொரு மூலக்கூறைத் தேடிப்போகும். இதற்குக் கிளைச்சங்கிலி வினை என்று பெயர். கூடவே அழிவும் நடக்கிறது. தனி உறுப்பு கலத்தின் சுவரில் மோதி அடங்கலாம். அல்லது வினை நடக்கும் கணத்தில் மூன்றாவது மூலக்கூறு ஒன்று குறுக்கே வந்து ஆற்றலை வாங்கிக்கொண்டு போய்விடலாம். பிறப்பு அழிவை மிஞ்சினால் வாயு பற்றிக்கொள்ளும். அழிவு மிஞ்சினால், எவ்வளவு எரிபொருள் இருந்தாலும் ஒன்றும் நடக்காது.

மூன்றாவது மூலக்கூறின் குறுக்கீடு கூட்டம் அதிகமான இடத்தில்தான் அதிகம் நடக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் கூட்டம் குறையும், குறுக்கீடு குறையும், தனி உறுப்புகள் பெருகும், வாயு பற்றிக்கொள்ளும். 1867இல் கண்ட வினோதத்துக்கு இதுவே விளக்கம். சங்கிலி வினைகளை ஆராய்ந்ததற்காக செமியோனவுக்கும் ஹின்ஷெல்வுட்டுக்கும் 1956இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஸ்டாக்கிடம் வேலை பழகிவிட்டு இங்கிலாந்து திரும்பிய எமெலியஸ், சிலேன் ஆக்சிஜனோடு சேரும் விதத்தை 1930களில் இந்தக் கண்ணோட்டத்தில் ஆராய்ந்தார்.

இதையெல்லாம் தொழிற்சாலைக் காற்றுக்குப் பொருத்திப் பார்ப்போம். காற்றில் சிலேன் சுமார் 1.4 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எரியாது. அதற்கு மேலே சுமார் 4.5 விழுக்காடு வரை எரியக்கூடியது, ஆனால் தானாகப் பற்றாது, எல்.பி.ஜி.யைப் போல ஒரு பொறிக்குக் காத்திருக்கும். 4.5க்கு மேல் போனால் தானாகப் பற்றக்கூடிய நிலை. அப்போதும் உடனே பற்றும் என்று சொல்ல முடியாது. தனி உறுப்புகள் சேர்ந்து பெருகக் கொஞ்ச நேரம் எடுக்கும். சிலேன் மிகுந்தால் அந்த நேரம் சுருங்கும், குறைந்தால் நீளும். அந்த இடைவெளியில் வாயு ஓயாமல் வந்துகொண்டிருக்கும், காற்றோடு கலந்துகொண்டிருக்கும். கடைசியில் பற்றும்போது பற்றுவது ஒரு சுடர் கிடையாது, மொத்த மேகம். அது வெடிப்பு.

தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் நடைமுறையில் ஆளைக் கொல்வது. பலத்த காற்றில் தீக்குச்சி கிழித்துப் பாருங்கள். குச்சியும் சரி, மருந்தும் சரி, ஆனால் சுடர் நிலைப்பதற்குள் காற்று அதைச் சிதறடித்துவிடும். அழுத்தம் மிகுந்த சிலிண்டரிலிருந்து சிறு துளை வழியாகச் சீறிவரும் சிலேனுக்கும் இதே கதிதான். காற்றும் வாயுவும் உரசும் விளிம்பில் தனி உறுப்புகள் பிறக்கின்றன, ஆனால் பெருகுவதற்குள் வேகமும் குளிர்ச்சியும் அவற்றைக் கலைத்துவிடுகின்றன. ஆக, மெதுவாகக் கசியும் சிலேன் துளையின் வாயிலேயே பற்றும். வேகமாகச் சீறும் சிலேன் பற்றாமல் அறையை நிரப்பும்.

இது எப்படித் தெரியவந்தது? வேண்டுமென்றே கசியவிட்டுப் பார்த்துத்தான். 1990களில் அமெரிக்காவில் சிப் உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பான செமடெக், தொழிற்சாலைக் காப்பீட்டில் பெயர்பெற்ற ஃபேக்டரி மியூச்சுவலின் ஆய்வுக்கூடத்தில் பெரிய அளவில் சிலேனை வெளியேற்றிப் பார்க்கும் சோதனைகளுக்கு ஏற்பாடு செய்தது. பிறகு தைவான் ஆய்வாளர்கள் குழாய் விட்டம், அழுத்தம், வேகம் ஆகியவற்றை மாற்றி மாற்றி, எந்த வேகத்துக்கு மேல் வாயு உடனே பற்றுவதில்லை என்று அளந்தார்கள். இந்தச் சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு காட்சி முக்கியமானது. சிலேன் சீறிக்கொண்டிருக்கும்போது எதுவும் நடக்காது. 'போதும்' என்று வால்வை மூடுவார்கள். மூடும் அந்தக் கணத்தில் வேகம் குறைகிறது. பலத்த காற்று நின்றதுபோல் ஆகிறது. துளையின் வாயில் சுடர் பிறக்கிறது. அது அதுவரை சேர்ந்திருந்த மேகத்தைப் பற்றவைக்கிறது. திறந்தபோது வெடிக்காதது மூடும்போது வெடித்தது.

இதைத் தொழிலாளியின் இடத்திலிருந்து யோசித்துப் பார்க்க வேண்டும். உஸ் என்று சத்தம் கேட்கிறது. தீ இல்லை. நல்லவேளை என்று ஓடிப்போய் வால்வை மூடுகிறார். எந்தத் தொழிற்சாலையிலும் எந்த நல்ல தொழிலாளியும் செய்யக்கூடியதுதான் இது. இந்த வாயுவிடம் மட்டும் அதைச் செய்யக்கூடாது. எரியாத சிலேன் கசிவு இருக்கும் இடத்துக்குள் போகாதே, வெளியேறு, தூரத்திலிருந்து பொத்தானை அழுத்தி மூடு என்பதே இன்றைய பயிற்சியில் சொல்லப்படும் முதல் பாடம். 2005 நவம்பரில் தெற்குத் தைவானில் ஒரு சூரிய மின்கலத் தொழிற்சாலையில், சிலேன் சிலிண்டர் மாற்றும் வேலையின்போது வாயு கசிந்து வெடித்ததில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். தைவான் ஆய்வாளர்கள் இந்தத் தாமதத்தைத் தீவிரமாக ஆராய இந்த விபத்து பெரிய தூண்டுதல்.

இன்னொரு வகை விபத்தில் வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை. சிப் தயாரிப்பில் சிலிக்கான் ஆக்சைடு படலம் வேண்டுமென்றால் சிலேனோடு நைட்ரஸ் ஆக்சைடைச் சேர்ப்பார்கள். பல் மருத்துவர்கள் மயக்கத்துக்குத் தரும் சிரிப்பூட்டும் வாயு அது. இரண்டு வாயுக்களும் ஒரே இயந்திரத்துக்குள் போகின்றன. குழாய்களைச் சுத்தம் செய்ய இரண்டுக்கும் பொதுவாக ஒரு நைட்ரஜன் குழாய். ஒன்று மற்றொன்றுக்குள் புகாமலிருக்க என்.ஆர்.வி. என்று ஆலைகளில் அழைக்கப்படும் ஒருவழி வால்வு. அந்த வால்வுக்குள் ஒரு ரப்பர் வளையம். 1991 அக்டோபர் 2 அன்று ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஒரு சிலேன் சிலிண்டர் வெடித்து இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். நைட்ரஸ் ஆக்சைடு பட்டுப்பட்டு ஒருவழி வால்வின் ரப்பர் வளையம் கெட்டுப்போயிருந்தது. அதன் வழியாக அந்த வாயு பின்னோக்கிப் போய்ச் சிலேன் சிலிண்டருக்குள் கலந்திருந்தது. எரிபொருளும் ஆக்சிஜன் தரும் பொருளும் ஒரே இரும்புக் குடுவைக்குள். இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1988 மார்ச்சில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பெர்க்லி ஹைட்ஸ் என்ற ஊரில் ஒரு வாயுப் பகுப்பாய்வு நிலையத்தில் இதே இரண்டு வாயுக்கள் கலந்த சிலிண்டர் வெடித்து மூன்று பேர் இறந்திருந்தார்கள்.

ஒருவழி வால்வை நம்பாதே என்று பாதுகாப்புப் பொறியாளர்கள் இன்று சொல்வது இதனால்தான். சிலேன் குழாயைச் சுத்தம் செய்யும் நைட்ரஜன் அதற்கென்றே வைத்த தனிச் சிலிண்டரிலிருந்து வரவேண்டும். ஆலை முழுவதும் ஓடும் பொது நைட்ரஜன் குழாயில் இணைக்கக் கூடாது. செலவு கூடும். கணக்குப் பிரிவிலிருந்து இதற்கு எதிர்ப்பு வந்தால், ஒசாகாவின் ரப்பர் வளையத்தைப் பற்றிச் சொல்லலாம்.

சிலிண்டர் மாற்றும் இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். சிலேன் சிலிண்டர் நிற்பது கேஸ் கேபினட் என்ற இரும்புப் பெட்டிக்குள். கதவு தானே சாத்திக்கொள்ளும். பார்க்கக் கண்ணாடி உண்டு. உள்ளே ஓயாமல் காற்று இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். சிலிண்டர் வால்வின் வாயிலேயே 0.25 மில்லிமீட்டர் துளை கொண்ட சின்ன அடைப்பு ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். பின்னால் இருக்கும் குழாய் முழுதாகவே முறிந்தாலும், அந்த ஊசித்துளை விடும் அளவுக்குத்தான் வாயு வெளியேற முடியும். பெட்டிக்குள் இழுக்கும் காற்றின் அளவை இந்தத் துளையைக் கணக்கில் வைத்துத்தான் முடிவுசெய்கிறார்கள். முழுக் கசிவு ஏற்பட்டாலும் கலவை 1.4 விழுக்காட்டுக்கு வெகு கீழேயே நிற்கவேண்டும் என்பது கணக்கு. இந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் இந்தத் துளைதான். அதற்கு மின்சாரம் வேண்டாம், பயிற்சி வேண்டாம், விழித்திருக்கும் ஆள்கூட வேண்டாம்.

மாற்றும் வேலைக்கு இரண்டு பேர். ஒருவர் வேலை செய்ய, மற்றவர் அவசரப் பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்பார். தீப்பிடிக்காத துணியில் தைத்த அங்கி, முகக்கவசம், கையுறை. முதலில் பழைய சிலிண்டரை மூடுகிறார்கள். அதற்கும் குழாய்க்கும் இடையிலுள்ள வளைகுழாயில் மிச்சச் சிலேன் இருக்கும். அதை உறிஞ்சி வெளியேற்றி, நைட்ரஜனை நிரப்பி, மறுபடி உறிஞ்சி, மறுபடி நிரப்பி என்று பல முறை செய்கிறார்கள். இதற்குப் பர்ஜ் செய்வது என்று பெயர். ஒவ்வொரு சுற்றிலும் மிச்சம் பல மடங்கு குறையும். ஒரே தடவை வெகுநேரம் நைட்ரஜனை ஊதினால் முட்டுச்சந்துபோன்ற மூலைகளில் சிலேன் தங்கிவிடும். அழுத்தத்தை ஏற்றி இறக்கினால் அந்த மூலைகளிலிருந்தும் வெளியே வரும். அதன் பிறகே இணைப்பைக் கழற்றுவார்கள். அப்போதும் குழாய்க்குள்ளிருந்து நைட்ரஜன் மெல்ல வெளியே வழிந்துகொண்டிருக்கும், காற்று உள்ளே நுழையாதபடி.

புதுச் சிலிண்டரின் மூடியைக் கழற்றுவதும் கவனமாகச் செய்யவேண்டிய வேலை. சிலிண்டர் வால்வு துளியளவு கசிந்திருந்தால் மூடிக்குப் பின்னால் சிலேன் சேர்ந்திருக்கும். கழற்றும்போது பட்டென்று பற்றும். முகத்துக்கு நேரே வைத்துக் கழற்றக் கூடாது என்பது அதனால். இணைப்பில் வைக்கும் உலோக வளையம் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கவேண்டும். பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று திரும்பப் போடும் சிக்கனம் இங்கே செல்லாது. இணைத்த பிறகு நைட்ரஜனை அழுத்தத்தோடு நிரப்பி, அழுத்தம் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்க்கிறார்கள். ஹீலியம் செலுத்திக் கசிவு தேடுவதும் உண்டு. ஹீலியம் அணு மிகச் சிறியது, மிக நுண்ணிய இடுக்கிலும் நுழையும், எரியாது. இதெல்லாம் முடிந்த பிறகே சிலேன் வால்வு திறக்கும்.

பெரிய அளவில் வாங்கும் ஆலைகளில் சிலேனைக் கட்டடத்துக்கு வெளியே வைக்கிறார்கள். கூரை உண்டு, சுவர் கிடையாது. இவ்வளவு அபாயமான வாயுவைத் திறந்த கொட்டகையிலா என்று முதல் பார்வையில் தோன்றும். சுவர்தான் எதிரி. சுவர் இருந்தால் கசிந்த வாயு சேரும். சேர்ந்தது வெடித்தால் அழுத்தம் வெளியேற வழியிருக்காது. திறந்தவெளியில் காற்று அதைக் கலைத்துவிடும். ஆனாலும் வெட்டவெளி முழுக் காப்பு ஆகாது. சுவரில்லாத இடத்திலும் தாமதித்துப் பற்றிய சிலேன் மேகம் பலமாக வெடிப்பதைத் தைவான் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதனால் சிலிண்டர்களுக்கும் வேலி, பாதை, மற்ற கட்டடங்களுக்கும் இடையே கணக்குப் போட்டுத் தூரம் விடுகிறார்கள்.

தீ எரிந்துகொண்டிருந்தால் என்ன செய்வது? அணைக்கக் கூடாது. வாயு வருவதை நிறுத்த முடியாமல் சுடரை மட்டும் அணைத்தால், எரியாத கசிவை நாமே உண்டாக்கியதாகும். எரியவிட்டு, சுற்றியுள்ள சிலிண்டர்கள் சூடேறாமல் தூரத்திலிருந்து தண்ணீர் அடித்து, வால்வைத் தொலைவிலிருந்து மூடவேண்டும். ஹாலோஜன் வகைத் தீயணைப்பான்கள் இங்கே கூடவே கூடாது. சிலேன் அந்தத் தனிமங்களோடும் மூர்க்கமாக வினைபுரியும். எதைப் பார்த்தாலும் அணைத்துப் பழகிய தீயணைப்பு வீரருக்கு, கையில் குழாயை வைத்துக்கொண்டு சுடரை விட்டுவைப்பது லேசான காரியமில்லை. அதனால் ஆலை இருக்கும் ஊரின் தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே இதைச் சொல்லி ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். விபத்தன்று வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

நச்சுத்தன்மையைப் பொறுத்தவரை சிலேன் அவ்வளவு கொடியதில்லை. கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்தும். வேலைநேரம் முழுவதும் சுவாசிக்கும் காற்றில் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சுகாதார அமைப்புகளின் வரம்பு. நாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று மூக்கை நம்பக் கூடாது, கருவிதான் நம்பகமானது.

சிலேன் குடும்பம் பெரியது. பெயிண்டிலும் டயரிலும் கண்ணாடி இழையிலும் பசைபோல் சேர்க்கும் சிலேன்கள் வேறு ரகம், தானாக எரியாதவை. ஹைட்ரஜனுக்குப் பதில் மூன்று குளோரின் கொண்ட டிரைகுளோரோசிலேன் ஒரு திரவம். தூய சிலிக்கான் கட்டிகள் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன. ஈரம் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை கிளம்பும். குளோரோசிலேன்கள் ஈரத்தோடு அரைகுறையாக வினைபுரிந்து உண்டாக்கும் படிவுகள் அதிர்ச்சி பட்டால் வெடிக்கக்கூடியவை. 2014 ஜனவரி 9 அன்று ஜப்பானின் யொக்காய்ச்சி நகரில், ஒரு சிலிக்கான் ஆலையின் வெப்பப் பரிமாற்றியைச் சுத்தம் செய்யத் திறந்தபோது நடந்த வெடிப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பூச்சு இயந்திரத்துக்குள் போகும் சிலேன் முழுவதும் வில்லையில் படிவதில்லை. எஞ்சியது வெளியேறும் வழியில், அதற்கென்றே வைத்த எரிகலத்தில் வேண்டுமென்றே எரிக்கப்படுகிறது. அங்கே சேரும் வெள்ளைத் தூளை அவ்வப்போது வழித்தெடுக்காவிட்டால் குழாய் அடைத்து, வாயு பின்னால் தேங்கும். தூள் பழுப்பாக இருந்தால் எரிதல் முழுமையாகவில்லை என்று அர்த்தம்.

இப்போது தொழிலில் நடக்கும் விவாதம் அளவைப் பற்றியது. சூரிய மின்கல ஆலைகள் பெரிதாகப் பெரிதாக, சிறு சிலிண்டர்களை அடிக்கடி மாற்றுவதா, பல டன் சிலேன் தாங்கும் நீண்ட குழாய்க் கலன்களை லாரியில் கொண்டுவந்து நிறுத்துவதா என்ற கேள்வி எழுகிறது. கசிவு பெரும்பாலும் இணைப்பைக் கழற்றி மாட்டும்போதுதான் நடக்கிறது. பெரிய கலன் வைத்தால் அந்தச் சந்தர்ப்பங்கள் வெகுவாகக் குறையும். ஆனால் ஒருமுறை தவறினால் வெளியே வரக்கூடிய வாயு பல மடங்கு. இடம் தாராளமாக இருந்தால் பெரிய கலனையே நான் தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் கை படும் ஒவ்வொரு முறையும் ஒரு வாய்ப்பு. சுற்றிலும் கட்டடம் நெருக்கும் தொழிற்பேட்டையில் அந்தக் கணக்கு தலைகீழாகும். அங்கே சிலிண்டரும் 0.25 மில்லிமீட்டர் துளையுமே மேல்.